முகத்தை வெளுக்க வேண்டாம், வெளிச்சத்தை அளப்போம்

சிட்னியிலோ மெல்பர்னிலோ உள்ள எந்தத் தமிழ்ச் சபையின் படத் தொகுப்பையும் புரட்டிப் பாருங்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல், அறுப்பின் பண்டிகை, வாலிபர் முகாம், கிறிஸ்துமஸ் நாடகத்தில் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிய சின்ன மேய்ப்பர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். கூடவே இரண்டு வகைக் குறைகளும் இருக்கும். ஒருவகைப் படத்தில் முன்னால் நிற்பவரின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும், பின்னால் ஆலயம் குகைபோல் இருண்டிருக்கும். இன்னொரு வகையில் பின்னால் ஜன்னல் பளிச்சென்றிருக்கும், முன்னால் நிற்பவர் யாரென்றே தெரியாது.

இதற்குக் கேமராவைக் குறை சொல்கிறோம். அதைவிட மோசமாக, சிலர் தங்கள் நிறத்தையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். "நான் கறுப்பு, படத்தில் நல்லா விழமாட்டேன்" என்று எத்தனை அம்மாமார் கடைசி வரிசைக்குப் போய் மறைந்து நிற்கிறார்கள்! வாலிபர் ஐக்கியத்தில் படம் எடுக்கும் நாங்கள் இதைக் குறித்துச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். குறை தோலில் இல்லை, கேமராவிலும் அதிகம் இல்லை. வெளிச்சத்தை அளக்காமல் ஃபிளாஷைத் தட்டுவதில்தான் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு சபையும் ஒரு லைட் மீட்டர் வாங்க வேண்டும். அதைப் பயன்படுத்தத் தெரிந்த இரண்டு மூன்று வாலிபரை உருவாக்க வேண்டும். படத்தை எடுத்தபின் முகங்களை வெளுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

இரண்டு வெளிச்சங்கள்

ஃபிளாஷ் போட்டு எடுக்கும் எந்தப் படத்திலும் இரண்டு வெளிச்சங்கள் சேருகின்றன. ஒன்று ஏற்கெனவே அங்கே இருப்பது: ஜன்னல் வழியாக வருவது, மேலே எரியும் விளக்கு, பீடத்தின் மெழுகுவர்த்தி. மற்றது நாம் கொண்டுபோவது, அதாவது ஃபிளாஷ். இவை இரண்டும் கேமராவுக்கு ஒரே மாதிரி கீழ்ப்படிவதில்லை. ஃபிளாஷ் வெட்டி மறைவது கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. எனவே ஷட்டரைச் சற்று அதிக நேரம் திறந்து வைத்தாலும் ஃபிளாஷின் அளவு கூடாது, அறையின் வெளிச்சம் மட்டுமே கூடும். அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்தே கூட்டும், குறைக்கும். ஃபிளாஷின் சக்தியும் அது நிற்கும் தூரமும் ஃபிளாஷை மட்டும் மாற்றும்.

இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. அறை இருண்டு போகிறதா? ஷட்டரை மெதுவாக்குங்கள். முகம் வெளுக்கிறதா? ஃபிளாஷைக் குறையுங்கள். ஆனால் எவ்வளவு மெதுவாக்குவது, எவ்வளவு குறைப்பது? அங்கேதான் கண் நம்மை ஏமாற்றுகிறது. நம் கண் இருட்டுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஐந்து நிமிடம் மண்டபத்துக்குள் இருந்துவிட்டால் அது வெளிச்சமான இடமென்றே நமக்குத் தோன்றும். கேமராவின் பின்திரையும் இருட்டில் பளபளவென்று தெரிந்து, படம் நன்றாக வந்துவிட்டதாக நம்ப வைக்கும். வீட்டுக்கு வந்து கணினியில் பார்க்கும்போதுதான் உண்மை தெரியும். மீட்டருக்கு இந்த மயக்கம் கிடையாது.

மீட்டர் முகம் பார்ப்பதில்லை

கேமராவுக்குள்ளேயே ஒரு மீட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் பொருளில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தைத்தான் அது அளக்கிறது. தன் முன் உள்ளவை எல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் அது கணக்குப் போடுகிறது. நம் திருமணங்களில் இது எப்படி முடியும் என்று யோசியுங்கள். மணமகள் வெள்ளைப் பட்டில் நிற்கிறாள். படம் முழுக்க வெள்ளை நிறைந்திருப்பதால், வெளிச்சம் அதிகம் என்று எண்ணிக் கேமரா அதைக் குறைக்கும். சேலை சாம்பலாகும், முகம் கறுக்கும். பக்கத்தில் மணமகன் கறுப்புக் கோட்டில் நிற்கிறான். அவனைத் தனியாக எடுத்தால், வெளிச்சம் போதவில்லை என்று எண்ணிக் கேமரா கூட்டும். முகம் வெளுத்துப் போகும். ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் நின்ற இருவர் இரண்டு படங்களில் இரண்டு விதமாகத் தெரிவார்கள். இன்றைய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்து இதைக் கொஞ்சம் திருத்துகின்றன என்பது உண்மை. ஆனாலும் அடிப்படை மாறவில்லை.

கையில் பிடிக்கும் லைட் மீட்டரின் வழி வேறு. பாதி பிங்பாங் பந்துபோன்ற ஒரு வெள்ளைக் குமிழ் அதில் இருக்கும். படம் எடுக்கப்படுபவரின் முகத்தருகே மீட்டரை வைத்து, குமிழைக் கேமராவின் பக்கம் திருப்பி அளக்க வேண்டும். முகத்திலிருந்து திரும்பி வருவதை அது பார்க்காது, முகத்தின்மேல் விழுவதை மட்டுமே பார்க்கும். நிற்பவர் கறுப்பா சிவப்பா, கட்டியிருப்பது வெள்ளையா கறுப்பா என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. விழும் வெளிச்சம் சரியாக அளக்கப்பட்டால் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் மாநிறம் மாநிறமாகவும் தானாக அமையும். எல்லார்மேலும் ஒன்றாக விழும் வெளிச்சத்தைப் பற்றி ஆலயத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த நியாயத்தில் வேலை செய்யும் ஒரு கருவி கைக்கடக்கமாகக் கிடைக்கிறது.

அளக்கும் முறை

ஆராதனை தொடங்க அரை மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். ஒரு தம்பியையோ தங்கையையோ பிரசங்க மேடையருகே நிறுத்துங்கள். முதலில் ஃபிளாஷ் இல்லாமல் அளவெடுங்கள். ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/60 என்று வைத்தபோது மீட்டர் எஃப் 4 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதுதான் அந்த ஆலயத்தின் சொந்த வெளிச்சம். இனி மீட்டரை ஃபிளாஷ் அளக்கும் நிலைக்கு மாற்றி, அதே ஐஎஸ்ஓ, அதே ஷட்டரில் ஃபிளாஷை ஒருமுறை தட்டி அளவெடுங்கள். இப்போது காட்டுவது இரண்டும் சேர்ந்த மொத்தம்.

மொத்தம் எஃப் 4-இலிருந்து எஃப் 5.6-க்கு ஏறினால், அதாவது ஒரு முழு ஸ்டாப் கூடினால், வெளிச்சம் இரட்டித்திருக்கிறது. பாதி ஆலயத்தினுடையது, பாதி நம்முடையது. அரை ஸ்டாப்புக்குச் சற்று மேலே, எஃப் 4.8 அளவில் நின்றால் ஃபிளாஷின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. எஃப் 9-க்குத் தாவினால் ஐந்து பங்கில் நான்கு பங்கு ஃபிளாஷுடையது, ஆலயம் படத்திலிருந்து காணாமல் போய்விடும். சில மீட்டர்கள் மொத்தத்தில் ஃபிளாஷ் எத்தனை சதவீதம் என்று எண்ணாகவே காட்டிவிடும். கடைசியில் அந்த மொத்த அளவைக் கேமராவில் வையுங்கள். எங்கள் கணிப்பில் ஆலயத்துக்குள் எடுக்கும் படங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஃபிளாஷ் போதும். கண்ணுக்குக் கீழே விழும் நிழல் நீங்கும், ஃபிளாஷ் போட்டதே தெரியாது.

பாடகர் குழுவைப் படமெடுக்கும்போது தூரத்தையும் கவனிக்க வேண்டும். தூரம் இரட்டித்தால் ஃபிளாஷ் வெளிச்சம் பாதியாகாது, காலாகும். முன்வரிசை 2 மீட்டரிலும் பின்வரிசை 4 மீட்டரிலும் நின்றால், பின்னால் நிற்கும் ஆண் குரல்களுக்கு முன்னால் நிற்கும் பெண்களுக்குக் கிடைத்ததில் கால் பங்குதான் கிடைக்கும். ஃபிளாஷைப் பின்னுக்கு நகர்த்தி முன்வரிசைக்கு 6 மீட்டர், பின்வரிசைக்கு 8 மீட்டர் என்று வைத்தால் பின்வரிசைக்குப் பாதிக்கு மேலேயே கிடைக்கும். முன்னும் பின்னும் ஒவ்வொரு முறை அளந்தால் இதை மீட்டரே சொல்லிவிடும். பின்வரிசை ஐயாமார் ஏன் எப்போதும் இருட்டிலேயே நிற்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை இதுதான்.

ஃபிளாஷுக்கும் ஒரு வரலாறு உண்டு

இதையெல்லாம் தொழில்நுட்பம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. படச்சுருள் காலத்தில் கோடாக் நிறுவனம் படம் கழுவும் நிலையங்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பிவந்தது. அதற்கு 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் முகம் சரியாக வரும்படி இயந்திரத்தைத் திருப்பி வைத்தால் நிறம் சரி என்று பொருள். உலகமெங்கும் எத்தனையோ நிறத்தார் அந்த ஒரு முகத்தின் அளவுகோலுக்குள் அடைபட்டார்கள். கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லோர்னா ராத் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பழுப்பின் பல சாயல்களைப் படச்சுருள் பிரித்துக் காட்டவில்லை என்று மரச்சாமான் செய்பவர்களும் சாக்லேட் செய்பவர்களும் முறையிட்டது, அந்தக் குறை திருந்துவதற்கு ஒரு காரணமானது என்றும் அவர் காட்டுகிறார். மனிதரின் முகத்துக்காக அல்ல, மேசைக்காகவும் சாக்லேட்டுக்காகவும்!

இதைவிடக் கசப்பானது தென்னாப்பிரிக்காவில் நடந்தது. அங்கே நிறவெறி அரசு கறுப்பின மக்களை 'பாஸ்புக்' சுமக்க வைத்தது. அதில் ஒட்டும் படத்தை எடுக்கப் போலராய்டு நிறுவனத்தின் 'ஐடி-2' கேமரா பயன்பட்டது. ஃபிளாஷைக் கூட்டும் ஒரு பொத்தான் அதில் இருந்தது. கறுப்பு முகங்களைப் பதிவு செய்ய அது கைகொடுத்தது. 1970-இல் அமெரிக்காவில் அந்த நிறுவனத்திலேயே வேலை செய்த கரோலைன் ஹண்டர், கென் வில்லியம்ஸ் என்ற இருவர் இதைக் கண்டறிந்து எதிர்ப்பு இயக்கம் தொடங்கினார்கள். 1977-இல் போலராய்டு தென்னாப்பிரிக்காவை விட்டு விலகியது. ஒரு முகத்தின்மேல் எவ்வளவு வெளிச்சம் அடிப்பது, எதற்காக அடிப்பது என்பதும் நீதிக்குரிய கேள்வி என்பதை அந்த இருவர் நமக்குக் காட்டிவிட்டார்கள்.

கறுப்பு முகங்களைக் கெடுக்காமல் எடுக்கலாம் என்பதற்குச் சான்று தேடி நாம் வெளியே போக வேண்டியதில்லை. மட்டக்களப்பில் பிறந்து, புனேயில் ஒளிப்பதிவு படித்த பாலு மகேந்திரா நம்மவர்தான். இருக்கிற வெளிச்சத்தை மதித்துப் படமெடுப்பது அவருடைய பாணி. மாநிற முகங்களை மாவு பூசி மறைக்காமல் அழகாகக் காட்டியவர் என்று பெயரெடுத்தவர். 1982-இல் வந்த 'மூன்றாம் பிறை'க்காக ஒளிப்பதிவுக்கான தேசிய விருது பெற்றார். ஊட்டி மலைப்பக்கத்து மந்தமான வெளிச்சத்தை அந்தப் படத்தில் பாருங்கள். விளக்கைக் கொட்டி அதை அவர் விரட்டவில்லை.

இந்த நாட்டு வெயில்

இங்கே படம் எடுப்பவர்களுக்கு இன்னும் ஒரு பாடம் உண்டு. வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் மென்மையானது என்று புத்தகங்களும் காணொளிகளும் சொல்லும். அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சரி. ஆஸ்திரேலியாவில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது. இங்கே நேர்வெயில் அடிப்பது வடக்கு ஜன்னலில், பெரும்பாலும் மென்மையாக இருப்பது தெற்கு ஜன்னல். கிழக்கு நோக்கிய ஆலயத்தில் பீடத்தைப் பார்த்து நின்றால் இடதுபக்கம் வெயில் பக்கம். புகைப்பட நேரத்தில் பெரியவர்களை எங்கே நிறுத்துவது என்பதை இது தீர்மானிக்கும்.

நம் சபைகளில் பல, ஆங்கிலச் சபையார் ஆராதனை முடித்துப் போனபின் அதே ஆலயத்தில் பிற்பகலில் கூடுகின்றன. ஜூன் 21-ஐ ஒட்டிச் சிட்னியில் மாலை 5 மணிக்குச் சற்று முன்பும், மெல்பர்னில் 5 மணிக்குச் சற்றுப் பின்பும் சூரியன் மறைகிறது. 4 மணி ஆராதனையில் முதல் பாட்டுக்கு ஜன்னலில் வெளிச்சம் இருக்கும், ஆசீர்வாதத்துக்குள் அது செத்துவிடும். முதல் பாட்டுக்கு வைத்த அளவு கடைசிப் பாட்டுக்கு உதவாது. அதற்கு நேர்மாறாக டிசம்பர் 24-ஆம் தேதி மாலை 7 மணிக்கு ஆராதனை வைத்தால் வெளியே பட்டப்பகல்போல் இருக்கும். அன்று சிட்னியில் சூரியன் மறையும்போது 8 மணி தாண்டியிருக்கும், மெல்பர்னில் 8.40 ஆகியிருக்கும்.

மெல்பர்னில் உள்ளவர்களுக்கு 'கேரல்ஸ் பை கேண்டில்லைட்' தெரியும். வானொலி அறிவிப்பாளர் நார்மன் பேங்க்ஸ் 1938-இல் அலெக்சாந்திரா பூங்காவில் தொடங்கியது, இன்று சிட்னி மையர் இசை அரங்கில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் நடக்கிறது. பகல் வெளிச்சத்தில் ஆரம்பித்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் முடியும் நிகழ்ச்சி அது. அங்கே பிள்ளைகளைப் படம் எடுக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தாலும் எண் மாறியிருக்கும். முழு ஃபிளாஷைத் தட்டினால் கையில் பிடித்திருக்கும் மெழுகுவர்த்திச் சுடர் படத்தில் மங்கிப்போகும். சுடர் இல்லாமல் அந்த இரவுக்கு என்ன பொருள்? நம் ஆலயங்களில் மெழுகுவர்த்தி ஏந்தி நிற்கும் ஆராதனைக்கும் இதே நியாயம்தான்.

மறுத்துச் சொல்பவர்களுக்கு

"இப்போது போன் போதுமே" என்பார்கள். போன் நன்றாகவே எடுக்கிறது. கூகுள் நிறுவனம் 2021-இல்தான் எல்லாத் தோல் நிறங்களும் சரியாக வர வேண்டும் என்று 'ரியல் டோன்' என்ற பெயரில் விளம்பரப்படுத்தத் தொடங்கியது. அவ்வளவு காலம் ஆயிருக்கிறது. போனில் இறக்கிக்கொள்ளும் மீட்டர் செயலிகளும் அறை வெளிச்சத்தை ஓரளவு சொல்லும், ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் மறையும் ஃபிளாஷை அளக்க அவற்றால் முடியாது.

"நாலு படம் தட்டிப் பார்த்தால் தெரியாதா?" என்பார்கள். தெரியும். ஆனால் அந்த நாலு தட்டையும் எங்கே தட்டுவது? ஜெபத்தின் நடுவிலா? திருவிருந்தின்போதா? முன்கூட்டியே அளந்து வைத்தவர் ஆராதனையில் ஒருமுறை தட்டினால் போதும், சில பகுதிகளில் ஃபிளாஷே வேண்டியிராது. அளப்பது ஆராதிப்பவர்களுக்குச் செய்யும் மரியாதையும்கூட.

"கணினியில் திருத்திக்கொள்ளலாமே" என்பது மூன்றாவது பேச்சு. கொஞ்சம் திருத்தலாம். முற்றிலும் வெளுத்துப்போன நெற்றியில் தோலின் நிறம் பதிவாகவே இல்லை, அதைத் திரும்பக் கொண்டுவர எந்த மென்பொருளாலும் முடியாது. அதோடு, திருத்த உட்கார்ந்தவுடன் நாலு பக்கத்திலிருந்தும் குரல் வரும்: "தம்பி, என்னைக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்கோ." "அண்ணா, மகளுக்குக் கல்யாணம் பேசறோம், கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணிடுங்க." யாழ்ப்பாணத் தமிழிலும் திருநெல்வேலித் தமிழிலும் வருகிற கோரிக்கை ஒன்றே. இதைச் செய்யக்கூடாது என்பது எங்கள் உறுதியான எண்ணம். ஒரு படத்தில் ஒருவரை வெளுத்தால், வெளுக்காத அடுத்தவரிடம் "உன் நிறம் குறை" என்று சொல்லிவிடுகிறோம். இந்நாட்டுப் பள்ளியில் தன் நிறத்துக்காக ஏற்கெனவே ஒரு சொல் கேட்டுவிட்டு வருகிற பிள்ளை, அதே சொல்லைச் சபையின் ஆல்பத்திலும் வாசிக்க வேண்டுமா?

சபையார் முன் வைக்கும் வேண்டுகோள்

எங்கள் கோரிக்கைகள் பெரியவை அல்ல. சபை அடுத்த முறை ஒலிபெருக்கிக்கோ புரொஜெக்டருக்கோ பணம் ஒதுக்கும்போது ஃபிளாஷை அளக்கக்கூடிய ஒரு எளிய லைட் மீட்டரையும் சேர்த்துக்கொள்ளட்டும். பழையதானாலும் நன்றாக வேலை செய்தால் போதும். வாலிபர் கூடுகை ஒன்றை அதைப் பழகுவதற்கென்றே ஒதுக்குவோம். ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் நம் ஆலயத்தின் அளவுகளை எழுதி வைப்போம்: பீடம், பிரசங்க மேடை, பாடகர் இடம், வாசல், கோடை மாலை, குளிர்கால மாலை. அடுத்து வரும் தம்பி தங்கையருக்கு அது ஒரு சொத்து. ஜெபத்திலும் திருவிருந்திலும் ஃபிளாஷ் இல்லை என்பதை எழுதாத சட்டமாக வைத்துக்கொள்வோம். தோலை வெளுக்கச் சொல்லிக் கேட்பவர்களுக்குப் பணிவாக, ஆனால் தெளிவாக, "இல்லை அம்மா, நீங்கள் இருக்கிறபடியே நன்றாக வந்திருக்கிறீர்கள்" என்று சொல்வோம். அது உண்மையாக இருக்கும்படி முன்பே அளந்து எடுத்திருப்போம்.

இந்தப் படங்கள் வாட்ஸாப்பில் மட்டக்களப்புக்கும் நாகர்கோவிலுக்கும் போகின்றன. பாட்டிமார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். இன்னும் இருபத்தைந்து வருடங்களில் சபையின் வெள்ளிவிழா மலரிலோ பொன்விழா மலரிலோ அச்சேறப்போவதும் இவைதான். அந்நாளில் ஒரு பிள்ளை மலரைத் திறக்கும்போது, தன் அப்பம்மா எந்த நிறத்தில் இருந்தார், அவர் நின்று பாடிய ஆலயத்தில் மாலை வெளிச்சம் எப்படி விழுந்தது என்ற இரண்டும் அதில் தெரிய வேண்டும். வருகிற மாதக் கூடுகைக்குக் கேமரா உள்ளவர்கள் கேமராவைக் கொண்டு வாருங்கள், இல்லாதவர்கள் வெறுங்கையோடு வாருங்கள். மீட்டரின் முன் முகம் காட்டி நிற்கவும் ஆள் வேண்டும்.